கசால்ஸை எந்த வரிசையில் கேட்பது?



நம் பழைய மாணவர் ஒருவர், இப்போது பெங்களூரில் வேலையில் இருப்பவர், போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "சார், மேற்கத்திய சாஸ்திரிய இசையில் எனக்கு ஆனா ஆவன்னா தெரியாது. பெரிய பட்டியல் வேண்டாம். ஒரே ஒரு ரெக்கார்டிங் சொல்லுங்கள், கேட்டுப் பார்க்கிறேன்." அவருக்குத் தனியாகப் பதில் எழுத உட்கார்ந்தேன். அது நீண்டுகொண்டே போனதால் எல்லாருக்குமாக இங்கே போடுகிறேன். சரித்திர வாத்தியாரிடம் பாட்டைப் பற்றிக் கேட்டாலும் சரித்திரம்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பதில் இது: யோஹான் செபாஸ்டியன் பாக் எழுதிய ஆறு தனிச் செல்லோ தொகுப்புகள். வாசித்தவர் பாப்லோ கசால்ஸ். 1936 முதல் 1939 வரை லண்டனிலும் பாரிஸிலும் பதிவானவை. (இந்தத் தொகுப்பை ஆங்கிலத்தில் 'ஸ்வீட்' என்பார்கள். மிட்டாய் ஞாபகம் வரும் என்பதால் நான் தொகுப்பு என்றே எழுதுகிறேன்.)

கூடவே ஒரு நிபந்தனை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் வரிசையில் கேட்க வேண்டாம். அவர் பதிவு செய்த வரிசையில் கேளுங்கள்: 2, 3, 1, 6, 4, 5. ஏன் என்று சொல்லத்தான் இத்தனை நீளம்.

செல்லோ என்றால் என்ன என்று கேட்கப் போகும் அத்தைமார்களுக்காக ஒரு வார்த்தை. வயலின் குடும்பத்தில் அது மூத்த அண்ணன். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி, வில்லால் வாசிப்பார்கள். நான்கு தந்தி. ஆண் குரலுக்கு மிகவும் நெருக்கமான நாதம். இளையராஜா பாடல்களில் பெயர் தெரியாமலே நிறையக் கேட்டிருப்பீர்கள். அவர் 1986-ல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும்தான் சமர்ப்பணம் செய்தார். அதில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற உருப்படியில் ஓடுவது பாக்கின் ஒரு தனி வயலின் படைப்பு. ஆகவே பாக் நம் வீட்டுக்கு ஏற்கெனவே வந்துபோனவர்தான்.

இந்த ஆறு செல்லோ தொகுப்புகளை அவர் 1720-ஐ ஒட்டி, ஜெர்மனியில் கோத்தன் என்ற சின்ன சமஸ்தானத்தில் இசைத் தலைவராக இருந்தபோது எழுதினார். ஒரே ஒரு செல்லோ. பக்கவாத்தியம் கிடையாது, தாளக்கருவி கிடையாது, சுருதிக்குத் தம்புரா மாதிரிகூட ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தொகுப்பிலும் முதலில் ஒரு முகப்பு, அதற்கு 'பிரெலூட்' என்று பெயர். பிறகு வரிசையாக நடன மெட்டுகள். நடுவில் வரும் 'சரபாண்ட்' மெதுவானது. கடைசியில் வரும் 'ஜீக்' துள்ளலானது.

பாக் கைப்பட எழுதிய ஏடு இன்று இல்லை. அவருடைய இரண்டாவது மனைவி அன்னா மக்டலேனா எடுத்த பிரதியும் வேறு சில பிரதிகளும்தான் இருக்கின்றன. அவற்றில் சுரங்கள் இருக்கின்றன. எங்கே உரக்க வாசிப்பது, எங்கே மெல்ல, எந்த வேகத்தில் என்ற குறிப்புகள் அநேகமாக இல்லை. வில் குறிகள் இடத்துக்கு இடம் மாறுகின்றன. நமக்கு இது புதிதல்ல. தியாகராஜர் கீர்த்தனைகள் சீடர்களின் நோட்டுகள் வழியாகத்தானே வந்தன? ஆனால் நமக்கு நோட்டோடு பாடாந்தரமும் சேர்ந்து வந்தது. ஒருவர் வாய்ப்பாட்டை இன்னொருவர் காதால் வாங்கினார். பாக்கின் செல்லோ தொகுப்புகளுக்கு அந்தச் சங்கிலி அறுந்துபோய்விட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவற்றைக் கை பழகுவதற்கான பயிற்சிப் பாடங்களாகத்தான் பெரும்பாலோர் பார்த்தார்கள். மேடையில் வாசித்தால் ஏதாவது ஒரு நடனத்தை மட்டும் எடுத்து வாசிப்பார்கள். ராபர்ட் ஷூமான் போன்ற பெரிய மேதையே 1853-ல் இவற்றுக்குப் பியானோ பக்கவாத்தியம் எழுதினார் என்றால், தனிச் செல்லோ தன் காலில் நிற்கும் என்று அந்தக் காலம் நம்பவில்லை என்றுதான் அர்த்தம்.

இனி கசால்ஸ். 1876 டிசம்பரில் கத்தலோனியாவில் எல் வென்ட்ரெல் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா மாதா கோயிலில் ஆர்கன் வாசிப்பவர், வருமானம் சொற்பம். பையனின் முதல் வாத்தியம் ஒரு சுரைக்குடுக்கையில் செய்தது, ஊர் நாவிதர் உதவியோடு. (வீணைக்கும் தம்புராவுக்கும் சுரைக்குடுக்கை பார்த்து வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.) பிறகு பார்சலோனாவில் படிப்பு, வயிற்றுப்பாட்டுக்கு ஒரு காபிக் கடையில் மாலை வாசிப்பு. 1890-ல், பதின்மூன்று வயதில், அப்பாவோடு துறைமுகம் பக்கம் ஒரு பழைய இசை நோட்டுக் கடையில் துழாவிக்கொண்டிருந்தபோது இந்த ஆறு தொகுப்புகளின் அச்சுப் பிரதி அவர் கையில் அகப்பட்டது. அப்படி ஒன்று இருப்பதாக அவருடைய ஆசிரியர்கள் யாரும் அதுவரை அவரிடம் சொன்னதில்லை. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்க ஆரம்பித்தவர், ஒரு முழுத் தொகுப்பை மேடையில் வாசிக்கத் துணிவதற்குப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆனது.

அந்த நாளில் செல்லோ கற்பவர்கள் வலது அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொண்டு வாசிக்க வேண்டும். புத்தகம் விழக்கூடாது. கை அவ்வளவு ஒடுங்கி இருக்க வேண்டும் என்பது ஆசிரியர்களின் சட்டம். இந்தப் பையன் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு முழுக் கையையும் வீசி வாசித்தான். இடது கை விரல்களையும் தனக்கு வசதியான மாதிரி அகட்டி வைத்தான். உலகம் முழுவதும் இன்று செல்லோ பிடிக்கும் முறையில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது. (முப்பத்து நான்கு வருடம் வகுப்பெடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஆசிரியர் வைத்த புத்தகத்தைத் தூக்கிப் போடுகிறவர்களில் நூற்றுக்கு ஒருவர்தான் கசால்ஸ். மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் இதை முன்னுதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

உலகப் புகழ் வந்த பிறகு 1920-ல் அவர் பார்சலோனாவில் சொந்தமாக ஓர் இசைக்குழு அமைத்தார். கைக்காசைப் போட்டுத்தான் பல வருடம் நடத்தினார். தொழிலாளர்கள் மிகக் குறைந்த சந்தாவில் வந்து கேட்பதற்கு ஒரு சங்கமும் ஏற்படுத்தினார். ஆலைத் தொழிலாளிகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பீத்தோவன் கேட்டார்கள்.

1936 ஜூலை 18. பார்சலோனாவில் அந்தக் குழுவும் பாடகர்களும் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனிக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள், மறுநாள் கச்சேரி. ராணுவம் கலகத்தில் இறங்கிவிட்டது, எல்லாரும் உடனே வீட்டுக்குப் போகவும் என்று செய்தி வந்தது. கசால்ஸ் அதைப் படித்துக் காட்டி, இப்போதே கலைவதா, மிச்சத்தை முடித்துவிட்டுப் போவதா என்று கேட்டார். முடித்துவிட்டே போவோம் என்றார்கள். மனிதர் எல்லாரும் சகோதரர் என்று பாடும் அந்தக் கடைசிப் பகுதியை முழுக்கப் பாடி முடித்துவிட்டுப் போனார்கள். தெருவில் தடுப்புகள் எழும்பிக்கொண்டிருந்தன. சமாதானம் வந்ததும் மறுபடி வாசிப்போம் என்று அவர் சொல்லி அனுப்பினார். அந்தக் கச்சேரி நடக்கவே இல்லை.

ஸ்பெயின் உள்நாட்டுப் போரை நான் உங்களுக்கு வகுப்பில் கால் மணி நேரத்தில் முடித்திருப்பேன். மக்கள் ஓட்டில் வந்த குடியரசு ஒரு பக்கம். ஃபிராங்கோ தலைமையில் ராணுவம் மறுபக்கம், அதற்கு ஹிட்லரின் விமானமும் முசோலினியின் படையும் துணை. பிரிட்டனும் பிரான்சும் தலையிடுவதில்லை என்று கையைக் கட்டிக்கொண்டன. கசால்ஸ் குடியரசுப் பக்கம். ஃபிராங்கோவின் தளபதிகளில் ஒருவரான கெய்போ டி லியானோ வானொலியிலேயே சொன்னார், கசால்ஸ் கையில் கிடைத்தால் இரண்டு கைகளையும் முழங்கையோடு வெட்டிவிடுவேன் என்று.

இப்போது பதிவுகளுக்கு வருவோம். 1936 நவம்பர், லண்டன், ஆபி ரோடு ஸ்டூடியோ. (பின்னால் பீட்டில்ஸ் பாடிய அதே கட்டடம். 1931-ல் எட்வர்ட் எல்கர் வந்து திறந்து வைத்தது.) கம்பெனி ஹெச்.எம்.வி. நாய்ப் படம் போட்ட அந்தக் கம்பெனி நமக்கு அந்நியமில்லை. 1902-ல் அதன் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்துபோனார். அதே கைஸ்பர்க் 1930-களிலும் அந்தக் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருந்தார்.

அன்றைய ஒலிப்பதிவு எப்படி என்று இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சுழலும் மெழுகுத் தட்டில் ஊசி நேரடியாகக் கீறும். தட்டின் ஒரு பக்கத்துக்கு நாலு, நாலரை நிமிடம்தான். வெட்டி ஒட்ட முடியாது, அந்த வசதி கொடுத்த காந்த நாடா ஸ்டூடியோக்களுக்கு வந்தது உலகப் போருக்குப் பிறகு. நாலாவது நிமிடத்தில் ஒரு சுரம் பிசகினாலும் அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டும், அல்லது பிசகோடு விட்டுவிட வேண்டும். நாற்பத்தாறு வருடம் தனியறையில் பழகிய ஒன்றை, அறுபது வயதைத் தொடப்போகும் ஒருவர், நாலு நாலு நிமிடத் துண்டுகளாக மெழுகில் இறக்கினார். ஆறு தொகுப்புகளையும் முழுமையாகப் பதிவு செய்த முதல் ஆள் அவர்தான்.

அந்த நவம்பரில் பதிவானவை இரண்டாவதும் மூன்றாவதும். அதே மாதம் ஃபிராங்கோவின் படை மாட்ரிட்டின் விளிம்பில் நின்றது, நகரத்தின் மேல் குண்டு விழுந்தது, ஜெர்மனியும் இத்தாலியும் ஃபிராங்கோவை அங்கீகரித்தன. இரண்டாவது தொகுப்பின் முகப்பு ஒரு சோகமான ஏறுகுரலில் ஆரம்பிக்கும், டி மைனர். இதைக் கேட்டதும் 'ஆகா, மாட்ரிட்டின் துயரம்' என்று எழுதிவிடத் தோன்றும். அவசரப்படாதீர்கள். அதே நாட்களில் அதே மனிதர் அதே ஸ்டூடியோவில் வாசித்த மூன்றாவது தொகுப்பு சி மேஜர். மேலிருந்து படிப்படியாக இறங்கி அடித்தந்தியில் வந்து கால் ஊன்றும் அந்த முதல் வரியில் துயரத்துக்கு இடமே இல்லை. நாட்டின் செய்தி சுரத்துக்குள் அப்படி நேராக இறங்குவதில்லை. பிறகு எதற்குப் பதிவான வரிசை என்கிறீர்களா? வாசிக்கும் ஆள் அந்த மூன்று வருடத்தில் எங்கிருந்து எங்கே வந்து நிற்கிறார் என்பது தெரிந்து கேட்பதற்காக. இசை பாக்குடையது, 1720-ல் முடிந்த விஷயம். வில்லைப் பிடித்த கை 1936-ல் இருக்கிறது.

அடுத்தது 1938 ஜூன், பாரிஸ். முதல் தொகுப்பும் ஆறாவதும். அந்த மார்ச்சில் மூன்று நாள் பார்சலோனா மேல் இத்தாலிய விமானங்கள் தொடர்ந்து குண்டு போட்டிருந்தன. முதல் தொகுப்பின் முகப்பை நீங்கள் விளம்பரங்களில் கேட்டிருப்பீர்கள், அலை அலையாகப் போகும் ஒரே மெட்டு. பலர் அதைத் தாலாட்டு போல இழைத்து வாசிப்பார்கள். கசால்ஸ் அப்படி இல்லை, நடந்து போகிறவர் மாதிரி வாசிக்கிறார். ஒவ்வொரு அடியும் தரையில் படுகிறது. ஆறாவது தொகுப்பு ஐந்து தந்தி உள்ள வாத்தியத்துக்காக எழுதப்பட்டது. நான்கு தந்திச் செல்லோவில் வாசிக்க இடது கை எங்கோ உச்சிக்குப் போக வேண்டும். அந்த ஏற்றத்தில் சில இடங்களில் சிரமம் காதில் விழுகிறது, அவர் முனகும் சத்தமும் சேர்ந்து கேட்கிறது. எனக்கு அது பிடிக்கும்.

அந்த அக்டோபரில் அவர் பார்சலோனாவில் குழந்தைகள் நிவாரணத்துக்காக ஒரு கச்சேரி செய்தார். இடைவேளையில் வானொலி வழியாக உலக நாடுகளிடம் உதவி கேட்டுப் பேசினார். யாரும் வரவில்லை. 1939 ஜனவரி 26, பார்சலோனா விழுந்தது. அடுத்த சில வாரங்களில் சுமார் ஐந்து லட்சம் பேர் பனியில் பிரான்ஸ் எல்லையை நடந்து கடந்தார்கள். ஆர்ஜெலேஸ் போன்ற கடற்கரைகளில் மணலைச் சுற்றி முள்வேலி போட்டு அவர்களை அடைத்தார்கள். பிப்ரவரி 27-ல் பிரிட்டனும் பிரான்சும் ஃபிராங்கோவை அங்கீகரித்தன. கசால்ஸ் எல்லைக்கு இந்தப் பக்கம் பிராட் என்ற சிறு மலையூரில் தங்கி, முகாம்களுக்கு உணவும் உடையும் அனுப்ப ஊர் ஊராகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

அந்த நிலையில் 1939 ஜூனில் மறுபடி பாரிஸ் போய் நாலாவதையும் ஐந்தாவதையும் பதிவு செய்தார். உலகப் போர் தொடங்க மூன்று மாதம்கூட இல்லை. ஐந்தாவது தொகுப்பு சி மைனர், ஆறிலும் இருண்டது. அதன் சரபாண்டில் பாக் ஒரு காரியம் செய்திருக்கிறார்: எல்லாவற்றையும் கழற்றிவிட்டார். இரண்டு மூன்று தந்திகளைச் சேர்த்து ஒலிக்கும் இடம் ஒன்றுகூட இல்லை. ஒற்றைச் சுரம், பிறகு இன்னொரு ஒற்றைச் சுரம். முழு ஆர்க்கெஸ்ட்ராவை வைத்துக்கொண்டு அழ வைப்பவர்கள் உண்டு. இங்கே ஒரு தந்தியை வைத்துக்கொண்டு கசால்ஸ் அழவும் விடவில்லை. சத்தத்தைக் கூட்டவில்லை, இழுக்கவில்லை. மேலே நான் எழுதிய எச்சரிக்கை எல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும், இந்தச் சில நிமிடங்களைக் கேட்கும்போது ஆர்ஜெலேஸ் மணல் நினைவுக்கு வராமல் என்னால் இருக்க முடிந்ததில்லை.

பிறகு நடந்ததைச் சொன்னால்தான் இந்தத் தட்டுகளின் மதிப்பு புரியும். ஜெர்மானியர் பிரான்சைப் பிடித்த பிறகு நாஜி அதிகாரிகள் பிராட்டில் அவர் வீடு தேடி வந்து, பெர்லினில் வாசிக்க அழைத்தார்கள். மறுத்தார். சரி, இப்போது எங்களுக்காவது வாசியுங்கள் என்றார்கள். தோளில் வாதம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். 1945-ல் ஹிட்லர் போனார். முசோலினி போனார். ஃபிராங்கோவும் போவார், நேச நாடுகள் அதைச் செய்யும் என்று கசால்ஸ் நம்பி இங்கிலாந்தில் கச்சேரி செய்தார். அவர்கள் ஃபிராங்கோவைத் தொடப் போவதில்லை என்று தெரிந்ததும் ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் கொடுக்க வந்த கௌரவப் பட்டங்களை வேண்டாம் என்றார். மேடையில் வாசிப்பதையே நிறுத்திவிட்டார்.

உலகத்தின் முதல் செல்லோக்காரர் வாசிக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். இதனால் ஃபிராங்கோவுக்கு என்ன நஷ்டம் என்று அன்றும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அரசியல் கணக்கில் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஃபிராங்கோ 1975 வரை ஆட்சியில் இருந்து படுக்கையில்தான் இறந்தார். கசால்ஸ் அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1973 அக்டோபரில், தன் தாய் பிறந்த போர்ட்டோ ரிக்கோ தீவில் 96 வயதில் காலமானார். அவர் உடல் எல் வென்ட்ரெலுக்கு வந்தது 1979-ல். 1950-ல் பாக் இறந்த இருநூறாவது ஆண்டுக்காக, வெளியே வரமாட்டார் என்று தெரிந்து, இசைக் கலைஞர்கள் பிராட்டுக்கே திரண்டு வந்தார்கள். அந்தச் சின்ன ஊர் மாதா கோயிலில் அவர் மறுபடி வாசித்தார். இடைப்பட்ட காலத்தில் அவரை நேரில் கேட்க வழியில்லாதவர்களுக்கு என்ன இருந்தது? இந்த ஹெச்.எம்.வி. தட்டுகள் இருந்தன. மனிதர் மௌனமாக இருந்தார், தட்டுகள் வீடு வீடாகச் சுழன்றுகொண்டிருந்தன. பாக்கின் செல்லோ என்றால் ஒரு தலைமுறைக்கு அதுதான் பாடாந்தரம் ஆயிற்று.

இனி எதிர்க்கட்சி வாதங்கள். பின்னணியில் எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம் இருக்கும். முதல் பத்து நிமிடம் தொந்தரவு, பிறகு காது அதைத் தானாக ஒதுக்கிவிடும். பாக் காலத்து முறைப்படி வாசிப்பவர்கள் கசால்ஸ் தாளத்தை இஷ்டத்துக்கு நெகிழ்த்துகிறார் என்பார்கள், அதில் உண்மை உண்டு. பழைய பாணி வாத்தியத்தில் கேட்க விரும்பினால் அன்னர் பில்ஸ்மாவின் 1979 பதிவு அருமையானது. பியர் ஃபூர்னியே அழகு. யானோஸ் ஸ்டார்க்கர் துல்லியம். யோ யோ மா மூன்று தடவை பதிவு செய்திருக்கிறார். ரோஸ்ட்ரோபோவிச் அறுபது வயதைத் தாண்டும்வரை காத்திருந்து செய்தது எனக்குக் கொஞ்சம் கனமாகப் படுகிறது, மற்றவர்கள் சண்டைக்கு வரலாம். இவை எல்லாமே ஒலியில் கசால்ஸை விடச் சுத்தம். இரண்டாவதாக எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இவரைக் கேளுங்கள். நான் சொன்ன அத்தனை பேரும் இவர் திறந்த கதவு வழியாக வந்தவர்கள்.

எப்படிக் கேட்பது: ஆறும் சேர்ந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரே மூச்சில் வேண்டாம், ஒரு நாளைக்கு ஒரு தொகுப்பு போதும். கசால்ஸ், பாக், செல்லோ ஸ்வீட்ஸ், 1936 என்று தேடினால் இணையத்தில் கிடைக்கும். ஐம்பதுகளில் நேரடிக் கச்சேரியில் வாசித்தவையும் கலந்து கிடக்கும், ஆண்டைப் பார்த்து எடுங்கள். இரைச்சலை முழுக்கத் துடைத்தெடுத்த பதிப்புகளும் உண்டு. அவற்றில் இரைச்சலோடு செல்லோவின் மூச்சும் போய்விடும், அப்பளச் சத்தம் உள்ளதே மேல். போன் ஸ்பீக்கரில் அடித்தந்தி சரியாகக் கேட்காது, காதில் மாட்டிக்கொள்ளுங்கள். வேலை செய்துகொண்டே கேட்பதானால் மூன்றாவதும் ஆறாவதும் பரவாயில்லை. ஐந்தாவதை மட்டும் வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு, விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். சரபாண்ட் அதில் நாலாவது உருப்படி.